இனிஷியல் சாரும் எங்கள் வீட்டுப் பேரும்

திருச்சியில் இனிஷியல் சாரிடம் பேர் சொல்லாமல் தப்பித்தது மலைக்கோட்டை மட்டும்தான். அதுவும் அது பேசாது என்பதால்.

உறையூரில் எங்களுக்கு எதிர் ஃப்ளாட். யாரைப் பார்த்தாலும் பேர், இனிஷியல், அதன் விரிவு, யார் வைத்தது, ஏன் வைத்தது, எல்லாம் தெரிந்தாக வேண்டும் அவருக்கு. பார்சல் கொண்டுவந்த ஆரோக்கியசாமியிடம், வேளாங்கண்ணி வேண்டுதலா என்று விசாரித்தார். ஆமாம் என்றதும் காபி கொடுத்து உட்கார வைத்துவிட்டார். கீழே வண்டியில் ஊர் பார்சலெல்லாம் வெயில் காய்ந்தது. பேங்கின் மொபைல் ஆப் ‘லாஸ்ட் நேம்’ கேட்டால் மட்டும் கோபம் வரும். “நமக்கெல்லாம் அப்பா முன்னாடி நடந்து போறவர் சார். அவரைப் போய்ப் பின்னாடி வரச் சொன்னா எப்படி?”

என் பேர் விஜயன். வெற்றி பெறுகிறவன் என்று பொருள் சொல்லிவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தவர், “பெத்தவங்க ஒரு ஆசையில வைக்கிறதுதானே” என்று ஆறுதல் சொன்னார்.

மகன் பிறந்தபோது, இறந்துபோன அப்பா ரங்கராஜனின் பேரைத்தான் வைக்க வேண்டும் என்று அம்மா பிடிவாதமாக இருந்தாள். ஆனால் புருஷன் பேரை அவள் வாயால் சொன்னதே கிடையாது. ஸ்ரீரங்கம் என்றால் அதில் அப்பா இருந்தார். ராஜகோபுரம் ஸ்டாப் என்றாலும் இருந்தார். அதனால் கண்டக்டரிடம் “கோயிலுக்கு ஒண்ணுங்க” என்பாள். எந்தக் கோயில் என்று கேட்டால் கையெடுத்துக் கும்பிடுவாள்.

பேர் வைக்கும் நாளில் பெரியவர்கள் குழந்தையின் காதில் மூன்று முறை பேர் சொல்ல வேண்டும். முதலில் அம்மா. குனிந்தாள். சட்டையைச் சரிசெய்தாள், கன்னத்தைத் தடவினாள். பேர் வரவில்லை. தான் சொல்லட்டுமா என்று என் மாமியார் கேட்டதற்கு, கண் கலங்கத் தலையாட்டி மறுத்தாள். நான் உருப்படியாக எழுந்துபோய் ஃபேனைக் கூட்டி வைத்தேன்.

இனிஷியல் சார் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

“அக்கா, அவர் பேரை நீங்க சொல்ல வேணாம். அவர்தான் அதைக் குடுத்துட்டுப் போயிட்டாரே. இப்ப இது இவன் பேரு. நீங்க கூப்பிடாம இவன் எப்படி வருவான், சொல்லுங்க?”

அம்மா குழந்தையின் காதோடு வாயை வைத்தாள். எங்கள் யாருக்கும் கேட்கவில்லை.

இப்போது அவள் “டேய் ரங்கராஜா” என்று போடும் சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. சார் தொட்டியத்தில் மகளுடைய வாழைத்தோட்டத்துக்குக் குடிபோய்விட்டார். எங்களுக்கு இரண்டாவதாகப் பெண் பிறந்திருக்கிறாள். வாழைத்தார் வெட்டு முடிந்ததும் வருகிறேன் என்றிருக்கிறார். அதுவரை பாப்பா என்றுதான் கூப்பிடுகிறோம்.