குமிழ் இல்லாத ரேடியோ

ரேடியோவை நம்பலாம், வானத்தை நம்பக்கூடாது. நான் இரண்டையும் நம்பித் தொலைத்தேன்.

அறுபதுகளின் தொடக்கம். மணமேல்குடியில் நான் அறிவியல் வாத்தியார். பஞ்சாயத்து ரேடியோவில் ஆளாளுக்கு நிலையம் மாற்றிச் சண்டை போட்டதால், தலைவர் முள்ளைத் திருச்சியில் நிறுத்திவிட்டு, திருகுகிற குமிழைக் கழற்றி மடியில் செருகிக்கொண்டார். அவர் வெளியூர் போனால் குமிழும் போகும். ஆகவே அந்தப் பெட்டி பேசினால் திருச்சி பேசுகிறது என்று அர்த்தம். ஊரே அப்படித்தான் நம்பியது. (வாத்தியாரும்தான்.)

ஐப்பசி மாதம், விளக்கு வைத்த நேரம். தலைவர் அறந்தாங்கி போயிருந்தார். ரேடியோவில் திருச்சி தேய்ந்து தேய்ந்து காணாமல் போனது. கரகரப்பு. திடீரென்று பக்கத்தில் நின்று பேசுவது மாதிரி ஒரு குரல்: "கடும் புயல்... கரையோர மக்கள் உடனடியாக மேடான இடங்களுக்கு..." மறுபடி கரகரப்பு. எந்தக் கரை என்பது அதில் போய்விட்டது. நானும் கேட்கவில்லை. என் வேட்டி நனையாதது கடவுள் புண்ணியம்.

வீட்டில் என் மனைவி செல்லம் நிறைமாதம். தலைப்பிரசவம். கடல் கூப்பிடு தூரம்.

தெருவெல்லாம் கத்திக்கொண்டே ஓடினேன். மாமனார் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார்.

"எலை கூட ஆடலையே மாப்ளே?"

"புயலுக்கு முந்தி அப்படித்தான் இருக்கும் மாமா! வண்டியப் பூட்டுங்க!"

"நச்சத்திரமெல்லாம் தெரியுது..."

"நச்சத்திரமா வந்து ஒங்க மகளைக் காப்பாத்தும்?"

வாத்தியாரே சொல்கிறார் என்று ஊர் கிளம்பியது. ஆடு, கோழி, அரிசி மூட்டை, எல்லாம் மேட்டுப் பள்ளிக்கூடத்துக்கு. நான் வண்டிக்குப் பின்னால் கடலைத் திரும்பிப் பார்த்தபடியே ஓடினேன். ஒவ்வொரு அலைச் சத்தமும் என் முதுகுக்குப் பின்னால் எழுந்து நிற்பதாகவே தோன்றியது. வண்டி ஒரு பள்ளத்தில் விழுந்து எழுந்தது.

"ஏங்க... வலி வந்துருச்சுங்க."

அவள் செத்துவிடுவாள் என்று நினைத்தேன். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை. மாட்டைத் திட்டினேன், கடலைத் திட்டினேன், மாமனாரையும் திட்டினேன். ஆட்டுக்குட்டியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு ஓடிவந்த மருத்துவச்சி, பள்ளிக்கூடத்தில் குட்டியை என் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாள். வெளியே நான், குட்டி, இரண்டு பேருக்கும் நடுக்கம்.

குழந்தை அழுத சத்தமும் அறந்தாங்கியிலிருந்து திரும்பிய தலைவர் போட்ட சத்தமும் ஒன்றாகக் கேட்டன.

"எந்தப் பயடா ஊரைக் காலி பண்ணுனவன்?"

"புயலுங்க... நம்ம ரேடியோவுல..."

"அதை நானும் அறந்தாங்கி டீக்கடையில முழுசாக் கேட்டேன்யா! எலங்கைக்காரன் அவன் ஊர்க் கரைக்குச் சொன்னது! நம்ம பெட்டியில எப்புடிய்யா வரும்? குமிழு எம் மடியில இருக்கு!"

அப்போதுதான் உறைத்தது. பகலில் வானத்தில் உயரே உள்ள ஓர் அடுக்கு ரேடியோ அலைகளை விழுங்கிவிடும். பொழுது சாய்ந்தால் அது கலைந்துபோகும். அதற்கும் மேலே உள்ள அடுக்கு, அதே முள்ளில் வந்து விழுகிற தூரத்து நிலையங்களின் அலைகளைக் கண்ணாடி மாதிரி கீழே திருப்பி அனுப்பும். அதுவும் ஓரிடத்தில் நிற்காது, ஏறி இறங்கும். அதனால்தான் குரல் வந்து வந்து போகிறது. முள் நகரவில்லை, வானம் நகர்ந்திருக்கிறது. (அந்த வாரம்தான் இதைக் கரும்பலகையில் படம் போட்டு நடத்தினேன். கவனிக்காத பயல்களை அடித்தும் இருக்கிறேன்.)

கையில் குட்டியோடு விளக்கினேன்.

"வானத்து மேலயா பழியப் போடுறீரு?" என்றார் தலைவர்.

உள்ளேயிருந்து செல்லத்தின் குரல் வந்தது: "ரெண்டு பேரும் அங்கிட்டுப் போய்க் கத்துங்க. புள்ள தூங்குது."

மகளுக்கு நல்ல பெயர்தான் வைத்தோம். ஊரில் அவள் பெயர் புயலு. இன்று அவளே பாட்டி. நான் காய்ச்சல் என்று சொன்னாலும் சரி, பஸ் ஓடவில்லை என்று சொன்னாலும் சரி, முதலில் ஒன்றைத்தான் கேட்கிறாள்:

"அப்பா, நம்ம ஊருக்குத்தானா?"