அடியில் இருந்த சீட்டு

"எழுதினது யாரு? நீதானே?" என்றார் முதலாளி.

கோணூசி தலையாட்டினான். மூட்டை தைக்கிறவன் என்பதால் அந்தப் பெயர். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கற்றுக்கொண்ட கர்வத்தில், கிடங்கிலிருந்த இருநூறு மூட்டைக்கும் 'முதல் தரக் கோதுமை' என்று அவனே சீட்டு எழுதி ஒட்டியிருந்தான். உள்ளே பாதிதான் கோதுமை. மீதி என்னவென்று சல்லடைக்குத்தான் தெரியும்.

"அப்ப ஆறு மாசம் உள்ள போறது நீதான். புதுச் சட்டம் வந்திருக்கு."

தெருமுனைச் சுவரில் அரசாங்க அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். கீழ்ப்பாதியை ஆடு தின்றுவிட்டது. மேல்பாதியில், கலப்படம் செய்தாலும் பொய்ச் சீட்டு ஒட்டினாலும் ஆறு மாதம் சிறை என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"நீங்க சொல்லித்தானேங்க எழுதினேன்?"

"நான் சொன்னது காத்தோட போச்சு. நீ எழுதினது மூட்டையில இருக்கு."

படிப்பு இப்படிக் கழுத்தை அறுக்கும் என்று அவனுக்குப் பாடம் சொன்னவர் சொல்லவே இல்லை.

"கைநாட்டா இருந்தப்ப நிம்மதியாத்தானே இருந்தீங்க?" என்றாள் வீட்டில் மனைவி.

மறுநாள் விடிந்ததும், அந்த மூட்டைக் கோதுமையையே அரைத்து மாவாக்கிப் பசை காய்ச்சி, 'இரண்டாம் தரக் கோதுமை' என்று இருநூறு சீட்டை மேலே ஒட்டினான். முதுகு ஒடிந்துவிட்டது.

முதலாளியின் மச்சினன் ஒரு மூட்டைக்குள் கைவிட்டு ஒரு கல்லை எடுத்தான். "ஏம்ப்பா, இதுல முதல் தரம் எது, இரண்டாம் தரம் எது?"

கோணூசி கணக்குப் போட்டுப் பார்த்தான். எழுதுகிறவனுக்குப் பொய்தானே குற்றம்? உள்ளதை எழுதிவிட்டால் யார் என்ன செய்ய முடியும்? மறுபடி இருநூறு சீட்டு.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "'கோதுமை பாதி, கல் கால், மண்ணும் மற்றதும் கால்'... டேய், மற்றதும்னா என்னடா?"

"எலி போட்டதுங்க. எழுதக் கூச்சமா இருந்துச்சு."

"இதை ஒட்டி வச்சா எவன்டா வாங்குவான்? என்னைப் பிச்சையெடுக்க வச்சிட்டுத்தான் நீ ஜெயிலுக்குப் போவியா?"

"மாமா, பதறாதீங்க," என்றான் மச்சினன். "மாட்டுத் தீவனம்னு எழுதிடலாம். மாடு என்ன, கல்லு இருக்குன்னு மனு கொடுக்கவா போகுது?"

முதலாளி மச்சினனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கோணூசி மறுபடி பசை காய்ச்சினான்.

கடைசிச் சீட்டு காய்வதற்குள் ஆய்வாளர் வந்துவிட்டார். பின்னால் தராசைச் சுமந்துகொண்டு ஒரு பியூன்.

"மூணு தெரு சுத்தியாச்சு. எல்லாம் கோதுமைக் கிடங்கு. கால் வலிச்சதுதான் மிச்சம்," என்று அலுத்துக்கொண்டார் ஆய்வாளர். "இங்க என்ன சரக்கு?"

"தீவனங்க. வெறும் மாட்டுத் தீவனம்," என்று குழைந்தார் முதலாளி.

ஆய்வாளரின் முகம் மலர்ந்தது. குத்தூசியை மூட்டையில் செருகி உருவினார். உள்ளங்கையில் கல், மண், மற்றது.

"தவிடு எங்க? பிண்ணாக்கு எங்க? வாயில்லாத ஜீவன், இதைத் தின்னா என்னத்துக்குய்யா ஆகும்?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "எழுதினது யாரு?"

முதலாளியின் விரலும் மச்சினனின் விரலும் ஒரே நேரத்தில் ஒரே ஆளை நோக்கி நீண்டன.

"ஐயா, சத்தியமா இது மாட்டுக்கு இல்லைங்க!" என்று அலறினான் கோணூசி. "மனுஷங்க திங்கறதுக்குத்தாங்க! வேணும்னா பாருங்க!"

சீட்டை இழுத்தான். அந்த மாவில் காய்ச்சிய பசை எதைத்தான் பிடித்துவைக்கும்? தீவனம் உரிந்து விழுந்தது. உள்ளது உள்ளபடி விழுந்தது. இரண்டாம் தரம் விழுந்தது. அடியில் முதல் தரக் கோதுமை பளிச்சென்று நின்றது.

"நான் வந்தப்ப மேல என்ன இருந்துச்சோ, அதுதான் கணக்கு," என்று சொல்லிவிட்டு ஆய்வாளர் அவன் பெயரை எழுதிக்கொண்டார்.

பியூன் தராசை இறக்கி வைத்துவிட்டு, அவன் தோளைத் தொட்டு மெதுவாகச் சொன்னான்:

"அந்த அடிச் சீட்டோட விட்டிருந்தா நாங்க பாட்டுக்குப் போயிருப்போமேய்யா. இந்தச் சட்டம் மாட்டுக்கு மட்டுந்தான். மனுஷனுக்கு அடுத்த வருஷந்தான் வருது."