வேலியை அடைக்க ஒரு கொடி

எங்கள் வீட்டுக்கும் அடுத்த வீட்டு முனிலட்சுமிக்கும் நடுவிலுள்ள வேலியை அடைத்துவிடுவது என்று போன ஆடியில் முடிவெடுத்தேன். காரணத்தை வீட்டில் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

வேலி நெஞ்சளவு உயரம். மொத்தம் இருபத்தொரு கல்பலகைகள். பத்தாவது பலகைக்கு இந்தப் பக்கம் என் மனைவி செல்வம்மாள் நிற்பாள், அந்தப் பக்கம் முனிலட்சுமி. ஒரு வாரம் குறித்துப் பார்த்தேன். நாளொன்றுக்கு இரண்டு மணி பத்து நிமிடம். பேச்சு தெலுங்கில் தொடங்கும், கன்னடத்தில் சூடுபிடிக்கும், கடைசியில் என்னிடம் வந்து நிற்கும். என் மூல உபாதைக்கு முனிலட்சுமி வேலிக்கு மேலாகவே துத்திக்கீரை சிபாரிசு செய்த அன்று, நான் சட்டையை மாட்டிக்கொண்டு, வந்து நின்ற கெலமங்கலம் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

சிப்காட்டில் ஒரு கம்பெனி ஸ்டோரில் இருபத்தெட்டு வருடம் போல்ட்டும் நட்டும் எண்ணிக் கொடுத்தவன் நான். அளக்காமல் எதிலும் இறங்கமாட்டேன். வேலியோரம் குச்சி நட்டு வெயிலைக் குறித்தேன். காலையில் எங்கள் வீடே மறைக்கிறது. மதியத்துக்கு மேல் வேலி மறைக்கிறது. நடுவில் கிடைப்பது ஒரு மணி நாற்பது நிமிடம்.

"வேலியோரமா சாப்பிடற மாதிரி ஏதாவது வைக்கலாம்னு இருக்கேன்" என்றேன் செல்வம்மாளிடம்.

"நெழல்ல என்னங்க வரும்?"

"சேம்பு வரும். நாலடி நிக்கும். முறம் மாதிரி இலை."

"சேப்பங்கிழங்கு உங்களுக்கு ஆகாது. அப்புறம் மருந்துக்கு முனிலட்சுமிகிட்டதான் போகணும்."

மனதிலிருந்த பட்டியலில் சேம்பை அடித்தேன்.

"வெத்தலை?"

"உங்களுக்கு இருக்கறது ஒம்பது பல்லு."

"பதினொண்ணு."

"பதினொண்ணாவே இருக்கட்டும். ஒரு வெத்தலையை மென்னு முடிக்கறதுக்குள்ள கொடியே காஞ்சிடும். புதினா வையுங்களேன்."

"புதினா முழங்காலைக்கூட மறைக்காது."

"எதை மறைக்கணும்?"

நான் பல்லை எண்ணுவதுபோல் வாயைத் துழாவினேன். அவளே மேலே சொன்னாள்.

"கொடிப்பசலை நெழல் தாங்கும், ஆளுயரம் ஏறும். ஆனா வேணாங்க. அது ரொம்ப அடைச்சுக்கும்."

"அதேதான்" என்றேன்.

மறுநாளே பதினாலு தண்டுகள் கொண்டுவந்தாள். எங்கிருந்து என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை. நட்டேன். வேலிக்கு மேல் மூன்றடிக்குக் கம்பிவலை கட்டினேன். பதினாலும் பிழைத்தன. முப்பத்தேழாம் நாள் உச்சியைத் தொட்டன. தொட்டதும் பதினாலும் ஒன்றாக அந்தப் பக்கம் சாய்ந்தன. எங்கள் பக்கம் இருபத்தாறு இலை. அந்தப் பக்கம் எண்ண முடியவில்லை.

இருந்தாலும் வேலி அடைபட்டுவிட்டது. மூன்று நாள் வீடு அமைதியாக இருந்தது. நான்காம் நாள் செல்வம்மாள் வெறும் முறத்தோடு வந்தாள்.

"கீரை பூரா அவங்க பக்கம் தொங்குது. ரோட்டைச் சுத்திப் போனா முட்டி வலிக்குது. ஒரு பலகையை எடுத்துடுங்க."

"எடுத்தா வழியாயிடும்."

"தண்ணி ஊத்தினது நீங்க. வீணாப் போகட்டும்னா போகட்டும்."

ஒரு நட்டைக்கூட வீணாகப் போக விட்டவனல்ல நான். பத்தாவது பலகையைக் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தேன். அந்தப் பக்கத்திலிருந்து முனிலட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"அண்ணா, என்னால இதுல நுழைய முடியாது. இன்னொண்ணையும் எடுத்துடுங்க."

பதினொன்றாவதையும் எடுத்தேன். கையைத் துடைத்துக்கொண்டு செல்வம்மாளிடம் கேட்டேன்.

"கொடி அந்தப் பக்கம் போகும்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"சாயங்காலம் அந்தப் பக்கம் பாத்துதானே தெனமும் நிக்கிறேன். அங்கதான் வெயில், கண்ணு கூசும். நீங்க நம்ம பக்கத்தை மட்டும்தானே அளந்தீங்க?"

இப்போது வேலி நான் நினைத்தபடி முழுக்க அடைபட்டிருக்கிறது, இரண்டு பலகை அகலம் தவிர. முன்பெல்லாம் கால் கடுத்துப்போய்ப் பேச்சை முடித்துக்கொள்வார்கள். இப்போது எங்கள் கூடத்தில் உட்கார்ந்து பேசுகிறார்கள், நான்தான் நிற்கிறேன்.