வைப்பர் மோட்டார் ஆட்டிய தொட்டில்

இனிமேல் தொட்டில் கயிற்றைத் தொடுவதில்லை என்று கிதர் முகம்மது முடிவு செய்துவிட்டார். மனுசனுக்கு வேறு வழியில்லை. பேகம்பூரில் லாரி பேட்டரி, வயரிங் கடை வைத்திருக்கிற அவருக்கு உலகத்தில் இருந்த ஒரே சந்தோஷம், சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு சோலைமுத்துவின் சைக்கிள் கடையில் கேரம் ஆடுவது. மகன் பிறந்ததும் அதில் மண் விழுந்தது. பையனுக்கு ஒரு வயசு. தொட்டில் ஆடினால் தூங்குவான். நின்றால் தெருவையே எழுப்புவான். மனைவி சைதூன் அடுப்படியில் இருப்பாள், கயிறு இவர் கையில் இருக்கும். அங்கே இவருடைய இடத்தில் எவனோ உட்கார்ந்து சிவப்புக் காயைப் போட்டுக்கொண்டிருப்பான்.

அப்போதுதான் கடை மூலையில் கிடந்த பழைய லாரி வைப்பர் மோட்டார் கண்ணில் பட்டது. மழை பெய்தால் கண்ணாடியை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் துடைக்கிற சாமான். தொட்டிலும் அதைத்தானே செய்கிறது! ஒரு பழைய பேட்டரியையும் சேர்த்துச் சுமந்துகொண்டு வீட்டுக்கு ஓடினார். ஜன்னல் கம்பியில் மோட்டாரைக் கட்டி, அதன் கையிலிருந்து ஒரு கம்பியைத் தொட்டிலுக்குக் கொடுத்து, ஸ்விட்சைத் தட்டினார். தொட்டில் ஆடியது. பையன் ஒருதரம் சிரித்துவிட்டுத் தூங்கிப்போனான்.

"என்னங்க இது?" என்றாள் சைதூன்.

"டீசி மோட்டாரு. பேட்டரி கரண்ட்டுல ஓடும். சுயிட்சப் போட்டதும் லாரி இஞ்சினைச் சுத்தி விடுறது யாரு? இதோட அண்ணன். மெட்ராசுல டிராம் வண்டிய இழுத்தது இதோட பெரியத்தா."

"அம்மாடி! தொட்டா?"

"தொட்டா அம்புட்டுதான். ஆளைத் தூக்கி வீசிரும். நீ கிட்டவே போகாத."

சுத்தப் பொய். பன்னிரண்டு வோல்ட் பேட்டரி எந்தக் காலத்தில் ஆளைத் தூக்கியது? ஆனால் சைதூன் ஸ்விட்சை நிறுத்திவிட்டு, 'மோட்டார் நின்னுபோச்சு, வந்து ஆட்டுங்க' என்று ஆள் அனுப்பினால்? அந்தப் பயம்தான்.

இரண்டு சாயங்காலம் கேரம் ஆடினார். சொர்க்கம். மூன்றாம் நாள் செருப்பை மாட்டும்போது வாசலில் குதிரை வண்டி நின்றது. சைதூன் வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு வந்தாள். அடுத்த வீட்டு மெஹராஜ் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நின்றாள்.

"எங்க கிளம்பிட்டீக?"

"சினிமாவுக்குங்க. பிள்ளையப் பாக்க ஆளில்லன்னு ஒரு வருசமா நீங்க கூட்டிட்டுப் போகல. இப்பத்தான் தொட்டில் தானா ஆடுதே."

"அப்ப சரி, நானும் செத்த நேரம் கடைவீதிக்கு..."

"ஐயோ, நீங்க போனா எப்படி? கரண்டு சாமான். பிள்ள கைய நீட்டித் தொட்டுட்டா தூக்கி வீசிரும்னு நீங்கதான சொன்னீக?"

கிதர் முகம்மது செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டிலடியில் உட்கார்ந்தார். சொன்ன பொய்யே குறுக்கே நின்றது.

"எம் பிள்ளையையும் பாத்துக்கங்கண்ணே, புண்ணியமாப் போகும்" என்று மெஹராஜ் தன் பிள்ளையை அவர் மடியில் வைத்தாள். வண்டி கிளம்பியது.

கால் மணி நேரம்கூட ஆகவில்லை. மோட்டார் முனகியது, இழுத்தது, நின்றுவிட்டது. பேட்டரியில் சொட்டுக் கரண்ட் இல்லை. குறைந்தது நாலு நாள் தாங்கும் என்று சார்ஜ் ஏற்றி வந்தாரே! பையன் வீறிட்டான். அதைக் கேட்டு மடியில் இருந்ததும் வீறிட்டது. ஒரு கையால் தொட்டிலை ஆட்டினார், ஒரு கையால் மெஹராஜின் பிள்ளையைத் தட்டினார். இரண்டு கையும் மரத்துப்போயின. பக்கத்துத் தெரு சைக்கிள் கடையிலிருந்து கேரம் காய்கள் மோதும் சத்தமும், சோலைமுத்துவின் சிரிப்பும் கேட்டன. அல்லா, இதற்கா நான் மோட்டாரைச் சுமந்து வந்தேன் என்று வாய்விட்டே புலம்பினார்.

படம் விட்டு இருவரும் கண்களைத் துடைத்துக்கொண்டே வந்தார்கள். நல்ல சோகப் படமாம்.

"அடுத்த படத்துக்கும் பிள்ளைகள விட்டுட்டுப் போலாமாண்ணே?" என்றாள் மெஹராஜ்.

கிதர் முகம்மதுவால் அதற்கு மேல் முடியவில்லை. "சைதூனு, உண்மையச் சொல்லிடுறேன். அது ஷாக்கே அடிக்காது. தாராளமாத் தொடலாம். இனிமே நீயே ஓட்டிக்க, என்னை விட்டுடு!"

"அது அடிக்காதுன்னு தெரியும்ங்க" என்றாள் சைதூன், துப்பட்டியை மடித்தபடி. "ரெண்டு நாளா நீங்க கடைக்குப் போனதும் சுயிட்சப் போட்டு, பேட்டரி இன்னைக்கோட தீரட்டும்னு ஓட விட்டதே நான்தான். வெறுந்தொட்டில ஆட்டுனா பிள்ளைக்கு ஆகாதேன்னு உள்ள ஒரு பூசணிக்காயப் போட்டு வச்சேன். வாங்க, இன்னைக்குச் சோத்துக்கு அதுதான் வெஞ்சனம்."