இருபத்துநாலு வோல்ட் வண்டியும் சம்பந்திக்கு ஒரு விண்ணப்பமும்

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் சம்பந்தி அம்மாவும் சௌக்கியம் என்று ஞாயிற்றுக்கிழமை போனில் மகள் சொல்லிவிட்டாள். நான் சௌக்கியம் என்று உங்களுக்கும் அவளே சொல்லியிருப்பாள். ஆகவே நலம் விசாரிக்கும் பத்தியை இத்துடன் முடித்துக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன். என்னிடமுள்ள பழைய ராணுவ வண்டியைத் தங்கள் லாரி ஷெட்டில் நிறுத்தி, பொறுப்பான ஆளாகப் பார்த்து விற்றுத் தர வேண்டும். வண்டி போன மறுவாரமே வீட்டைப் பூட்டிவிட்டு மகளோடு வந்து இருந்துவிடுவதாக அவளிடம் வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

'உமக்கு எதற்கய்யா ராணுவ வண்டி' என்று நீங்கள் இதுவரை கேட்கவில்லை. சம்பந்தி என்ற மரியாதைக்காகத்தான் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். கேட்டதாகவே வைத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

பஸ் பணிமனையின் உதிரிபாகக் கிடங்கில் முப்பத்திரண்டு வருஷம் உட்கார்ந்தவன் நான். எந்த எண்ணைச் சொன்னாலும் எந்த அலமாரி, எந்தத் தட்டு என்று தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் அந்தச் சாமான் வண்டிக்குள் எங்கே உட்கார்ந்து என்ன செய்கிறது என்று ஒருநாளும் பார்த்ததில்லை. தபால்காரர் மாதிரி, விலாசம் தெரியும், குடித்தனம் தெரியாது. என் வீட்டுக்காரி போய் இரண்டு வருஷம் ஆன சமயம், ராணுவத்தில் கழித்துவிட்ட சாமான்களை ஏலம் போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு இரும்பு அலமாரி வாங்கலாமே என்று போனேன். அலமாரியில் வைக்க என்ன இருக்கிறது என்று கேட்காதீர்கள். ஏலம் என்றால் நாலு பேர் இருப்பார்களே என்றுதான் போனேன். அங்கே ஒரு மரப்பெட்டி நிறைய உதிரிபாகங்கள், சுற்றிய மெழுகுத்தாள்கூடப் பிரிக்காமல் கிடந்தன. கை துறுதுறுத்தது. பெட்டி என்ன விலை என்று கேட்டேன். "பெட்டி தனியா கிடையாது சார், வண்டியோடதான்" என்றார் ஏலக்காரர். கயிறு வாங்கப் போனவன் யானையோடு திரும்பிய கதையாக வீடு வந்து சேர்ந்தேன். பெட்டியைப் பிரித்துப் பார்த்தால், அதில் ஒரு சாமான்கூட அந்த வண்டியுடையது இல்லை.

சரி, வண்டியிலிருப்பது என்னவென்றாவது கண்டுபிடிப்போம் என்று எண்களைத் தேடினேன். எல்லாவற்றின் மேலும் பச்சைப் பெயிண்ட், ஏழு பூச்சு. ஒரு பித்தளைத் தகட்டை மூன்று நாள் உட்கார்ந்து சுரண்டினேன். கடைசியில் 'சுரண்டாதே' என்று எழுதியிருந்தது. நாலாம் நாள் சக்கரத்தைக் கழற்ற உட்கார்ந்தேன். முன்பக்கத்து இடது சக்கரம். நட்டு அசையவில்லை. ஸ்பானரின் மேல் ஏறி நின்று குதித்தேன். எதிர்வீட்டில் ஒருவர் இருக்கிறார், ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். தெருவில் எல்லோரும் பட்டாளத்தார் என்பார்கள். பதினோரு வருஷமாக எனக்கும் அவருக்கும் தலையாட்டுவதோடு சரி. அன்றைக்குத் தெருவைத் தாண்டி வந்தார்.

"சார், இந்தப் பக்கத்துச் சக்கரத்துக்கு இடது மரை, எதிர்ப்பக்கமா சுத்தினாத்தான் கழலும். நீங்க கழட்டல, இறுக்கிட்டு இருக்கீங்க."

"எவ்வளவு நேரமா பாத்துட்டிருக்கீங்க?"

"காலையிலேருந்து."

"அப்பவே வந்து சொல்லியிருக்கலாமே?"

"நீங்க கூப்பிடலையே!"

அப்புறம் தினமும் வந்தார். அவருக்குச் சாமானெல்லாம் தெரியும், பேர் ஒன்றும் தெரியாது. எனக்குப் பேரெல்லாம் தெரியும், சாமான் தெரியாது. "இதுக்கு எங்க பட்டாளத்துல மாமியார்னு பேரு. தொட்டா சுடும், தொடலன்னா வண்டி ஓடாது" என்று ஒரு டப்பாவைக் காட்டுவார். நான் திருப்பிப் பார்த்து, அடடே, சார்ஜ் ரெகுலேட்டர், ஆறாவது அலமாரி மூன்றாவது தட்டு, என்பேன். முப்பத்திரண்டு வருஷம் விலாசத்தை மட்டும் தெரிந்து வைத்திருந்தவனுக்கு ஒவ்வொரு முகமாக அறிமுகம் ஆயிற்று. கிடங்கில் எண்ணூறு தடவை கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாஷர், இத்தனை நாளாக எண்ணெய் ஒழுகாமல் காத்த வாஷர் என்று தெரிந்தபோது அதற்கு ஒரு கும்பிடு போட்டேன். சிரிக்காதீர்கள்.

அசட்டுத்தனத்துக்கும் குறைவில்லை. கார் சாமான் கடையில் பல்பு வாங்கி மாட்டினேன். நாலும் பட் பட்டென்று போய்விட்டன. ராணுவ வண்டி இருபத்துநாலு வோல்ட், கார் பல்பு பன்னிரண்டு. பழைய டைனமோவைத் தூக்கிவிட்டு ஆல்டர்னேட்டர் போடுவோம் என்று முடிவானபோது மட்டும் நான் ஜெயித்தேன். பஸ்ஸும் இருபத்துநாலு வோல்ட்தானே! எங்கள் பழைய பஸ்ஸின் ஆல்டர்னேட்டர் எண்ணை மடமடவென்று சொன்னேன், பழைய இரும்புக் கடையில் அதே கிடைத்தது. அதைத் தாங்குவதற்குப் பட்டை அடிக்க முனைவீட்டு வெல்டர் வந்தார். சிரிக்காத மனுஷர், கொஞ்சம் காது மந்தம். அவரும் தினமும் வர ஆரம்பித்தார். டிரம் பிரேக்குக்குப் பதில் டிஸ்க் போட்டோம். ஹெட்லைட் மட்டும் எரியவில்லை. இரண்டு வாரம் வயரெல்லாம் பிடுங்கி மாற்றினேன். பேத்தியைப் பார்த்துவிட்டு ஊரிலிருந்து திரும்பிய பட்டாளத்தார், சுவிட்சின் ஓரத்திலிருந்த சின்னக் கொக்கியை ஒரு விரலால் தூக்கினார். விளக்கு எரிந்தது. "எதிரி கண்ணுல படக் கூடாதுன்னு பூட்டு வெச்சிருக்கான் சார்" என்றார். எனக்கு எதிரி யார்? மகளைத் தவிர என்னைத் தேடுகிறவர்களே கிடையாது.

போன மாதம் வண்டி கிளம்பிவிட்டது. மூன்று பேரும் ஊரைச் சுற்றி வந்தோம். பட்டாளத்தார் ஓட்டினார், நான் நடுவில், வெல்டர் ஓரத்தில். வெல்டர் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். திரும்பி வந்ததும் வெல்டர் தன் சாமான்களை எடுத்துக்கொண்டார், பட்டாளத்தார் கை கழுவினார், "அப்ப வரேன் சார்" என்றார்கள்.

வரவில்லை, சம்பந்தி. மறுநாள் காலையில் பழக்கத்தில் மூன்று டம்ளர் டீ போட்டுவிட்டேன், மூன்றையும் நானே குடித்தேன். வேலை முடிந்த வீட்டுக்கு எதைச் சொல்லிக்கொண்டு வருவார்கள்? எனக்கும் எதைச் சொல்லிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, சொல்லவே வெட்கமாக இருக்கிறது, ரேடியேட்டர் குழாயின் கிளிப்பை நானே தளர்த்திவிட்டு, தண்ணீர் ஒழுகுகிறது என்று வெல்டருக்குப் போன் செய்தேன். வந்து குனிந்து பார்த்தார். திருப்புளி பட்ட புதுக் கீறல் தெரிந்தது. "இது தானா கழண்டதில்ல சார்" என்றார். கிளிப்பை இறுக்கினார். டீயைக் குடித்துவிட்டு, கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். ஓடுகிற வண்டியை வைத்துக்கொண்டு ஒற்றை ஆள் எங்கே போவது? மகள் கூப்பிடும்போதே போய்விடுவது கௌரவம். ஆகவே சீக்கிரம் ஆளைப் பாருங்கள். நன்றாக ஓடும். இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை என்று மட்டும் வாங்குகிறவருக்குச் சொல்லிவிடவும்.

தங்கள் வீட்டில் மரைகளெல்லாம் இறுக்கமாகவும் மனசெல்லாம் தளர்வாகவும் இருக்கக் கடவுள் துணை செய்யட்டும். சம்பந்தி அம்மாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள சம்பந்தி

பி.கு.: போன வாரம் இந்தக் கடிதத்தைத் தபாலில் போட வெளியே வந்தால், வாசலில் பட்டாளத்தார் தயங்கித் தயங்கி நிற்கிறார். கையில் பேப்பர். "சார், அடுத்த ஏலத்துல இன்னொரு வண்டி வருதாம். இன்ஜின் இல்ல, கதவு இல்ல, எதுவுமே இல்ல. சும்மா சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். அவருக்குப் பின்னால் வெல்டர், எங்கேயோ பார்த்துக்கொண்டு. நேற்றுப் போய் எடுத்துவிட்டோம். நாங்கள் எதிர்பார்த்ததைவிட மோசமாக இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிட்டுப் படிக்கவும். வண்டியும் விற்பனைக்கில்லை, வீடும் பூட்டுவதற்கில்லை; மகளிடம் இதை நீங்களே பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், எனக்குப் பயமாக இருக்கிறது. லாரி ஷெட்டில் உங்களுக்கும் இப்போது அவ்வளவாக வேலையில்லை என்று கேள்விப்பட்டேன். பழைய சட்டை ஒன்று எடுத்துக்கொண்டு கிளம்பி வாருங்களேன்.