இரண்டாம் பக்கம் கிடைக்காத சித்தப்பாவுக்கு

மதிப்பிற்குரிய சித்தப்பா அவர்களுக்கு,

பன்னிரண்டு படி ஏறி வந்து நேரில் சொல்ல வேண்டியதைக் காகிதத்தில் எழுதுவதற்கு முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நேரில் வந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது. நீங்கள் "என்ன சயின்டிஸ்ட், சாப்டியா?" என்பீர்கள், நான் "சாப்டேன் சித்தப்பா" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுவேன். போன வாரம் மூன்று முறை அப்படித்தான் நடந்தது. கீழ்வீட்டில் அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். மாடியில் நீங்களும் சித்தியும் நலம் என்பது நாற்காலியை இழுக்கும் வேகத்திலேயே தெரிகிறது.

தன் நாட்டு அரசைத் திட்டி எழுதிவிட்டு இங்கே தஞ்சம் புகுந்த அந்தப் பத்திரிகைக்காரர், விடுதி அறையில் தேநீர் குடித்து விழுந்ததும், அவருடைய கோப்பை எங்கள் ஆய்வகத்துக்கு வந்ததும், அதைச் சோதித்தவள் நான் என்பதும் ஊருக்கே தெரியும். நீங்கள்தான் சொன்னீர்கள். நான்கு நாள் சோதித்து இரண்டு பக்க அறிக்கை எழுதினேன். கோப்பையில் இருந்தது விஷம், அதுவும் கடையில் கிடைக்காத விஷம் என்பது முதல் பக்கம். அந்தப் பக்கத்தின் கடைசிச் சொல் "ஆனால்". அதை எந்த நாட்டில் செய்தார்கள், யார் கலந்தார்கள் என்பதை இந்தச் சோதனையால் சொல்ல இயலாது என்பது இரண்டாம் பக்கம். நகரமன்றத்துக்கு நாற்பது பிரதி கேட்டார்கள். அன்று பார்த்து எங்கள் ஸ்டேப்ளரில் பின் இல்லை. பின் வேண்டுமென்றால் விண்ணப்பம் கொடுக்க வேண்டும், விண்ணப்பத்தை அதன் இணைப்போடு சேர்த்துப் பின் அடித்துத்தான் கொடுக்க வேண்டும். ஆகவே முதல் பக்கம் நாற்பதும் ஒரு கட்டாக, இரண்டாம் பக்கம் நாற்பதும் ஒரு கட்டாகப் போயின. மன்றத்தின் உதவியாளர் பார்த்தார், இரண்டு கட்டு இருக்கிறது, இரண்டு வரிசை நாற்காலி இருக்கிறது, வரிசைக்கு ஒரு கட்டாக வைத்துவிட்டார். தலைவரான உங்கள் பக்கத்துக்கு முதல் பக்கம், எதிர்வரிசையில் இருக்கும் அப்பா பக்கத்துக்கு இரண்டாம் பக்கம். இதில் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அத்தனை பேரில் ஒருவர்கூட மற்றப் பக்கம் எங்கே என்று கேட்கவில்லை என்பதைத்தான் என்னால் செரிக்க முடியவில்லை.

அன்றிலிருந்து மாடியில் "அந்த நாடுதான், எங்க வீட்டுப் பொண்ணே கண்டுபிடிச்சிருக்கு". கீழே "விஷமா? எங்க போட்டிருக்கு? இந்தப் பக்கத்துல அந்த வார்த்தையே இல்லையே, எம் பொண்ணு கையெழுத்தப் பாரு". நடுவில் மாடிப்படியில் நான். "அப்பா, இன்னொரு பக்கம் இருக்குப்பா" என்றேன். "அது உங்க சித்தப்பன் கட்சி அச்சடிச்சதும்மா, நீ குழந்த, உனக்குத் தெரியாது" என்றார். சித்தியிடம் இரண்டாம் பக்கத்தைக் கொடுத்து உங்களிடம் தரச் சொன்னேன். "கீழேருந்து வர்ற காகிதத்த இந்த வீட்ல யாரும் தொட மாட்டாங்க. வேணும்னா அந்த மேசைமேல வச்சுட்டுப் போ" என்றார். மறுநாள் அதன்மேல் காபித் தம்ளர் இருந்தது. எங்கள் மேலதிகாரியிடம் போனேன். "கேட்டதுக்குப் பதில் சொல்லணும்மா. கேக்காததச் சொன்னா அது அரசியல்" என்றார். அந்த நாடுதான் செய்ததா என்று என்னைக் கேட்டால், செய்திருக்கலாம் சித்தப்பா. என் சோதனைக் குழாய்க்கு அது தெரியாது, அவ்வளவுதான்.

இப்போது வியாழக்கிழமைத் தீர்மானம். அந்த நாட்டைக் கண்டிக்கிறீர்கள், சரி, அந்த நாடு பயந்துபோகட்டும். இரண்டாவது வரியில் அந்த நாட்டவர் யாருக்கும் இந்த ஊரில் கடை உரிமம் இல்லை என்கிறீர்கள். அப்படி இந்த ஊரில் கடை வைத்திருப்பவர் ஒரே ஒருவர்தான், நம் தெருமுனைக் கண்ணாடிக் கடைக்காரர். உங்கள் படிக்கும் கண்ணாடியும் அவர் போட்டதுதான், அதை மாட்டிக்கொண்டுதான் தீர்மானத்தை எழுதியிருப்பீர்கள். நேற்று அவர் கடைக் கதவில் யாரோ தார் பூசியிருந்தார்கள். மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துக்கொண்டே, "அவங்களுக்குப் பயந்துதாம்மா இருபது வருஷம் முன்னாடி இங்க ஓடி வந்தேன். இப்ப அவங்க ஆளுன்னு துரத்துறாங்க" என்றார். அப்பா கட்சி ஒன்றும் குறைந்ததில்லை. அவரை மேடையில் உட்கார வைத்து, விஷமெல்லாம் கட்டுக்கதை என்று சொல்லச் சொன்னார்கள். அவர், "விஷம் வச்சிருப்பாங்க. எனக்கு அவங்களத் தெரியும்" என்று சொல்லிவிட்டார். அப்பாவே மைக்கைப் பிடுங்கினார். ஆக இரண்டு கட்சிக்கும் ஆகாத ஆள் இந்த ஊரில் அவர் ஒருவர்தான். பக்கம் இரண்டையும் சேர்த்துப் படித்தது போலப் பேசியவரும் அவர்தான்.

நான் உங்களிடம் பெரிதாக எதுவும் கேட்கவில்லை. நம் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்று என் படத்தை உங்கள் கூடத்தில் மாட்டினீர்கள், அதை நான் மறக்க மாட்டேன். தீர்மானத்தில் "எங்கள் வீட்டுப் பெண் கண்டறிந்தபடி" என்று வருகிற வரியை மட்டும் அடித்துவிடுங்கள். மற்றது உங்கள் கட்சி, உங்கள் மன்றம். நான் யாருக்கும் குறுக்கே வரமாட்டேன்.

சித்திக்கு என் அன்பு. உங்கள் ரத்த அழுத்த மாத்திரையைக் காலையில் மறக்காமல் போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவும் அதே மாத்திரையைத்தான் போடுகிறார்.

இப்படிக்கு,
கீழ்வீட்டு மகள்

பின்குறிப்பு: மேலே கேட்டதை விட்டுவிடுங்கள் சித்தப்பா. அந்த வரியை அடிக்க வேண்டாம், என் பெயர் இருக்கட்டும். அதற்குப் பதிலாக, அறிக்கையை எழுதியவளை வியாழக்கிழமை மன்றத்துக்கு அனுப்பும்படி எங்கள் ஆய்வகத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். கூப்பிடாமல் வர எனக்கு அனுமதி இல்லை. கூப்பிட்டால் வந்து இரண்டு பக்கத்தையும் நானே வாசிக்கிறேன், பிறகு ஓட்டெடுங்கள். மைக்கை மட்டும் கொஞ்சம் இறக்கி வைக்கச் சொல்லுங்கள், நான் குள்ளம்.