இரண்டு ரூபாய் ஆட்சேபணை

பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் வந்தவன் நான். தட்டில் இருந்த கேசரியைப் பார்த்தேன். கூச்சம்தான் காரணம் (சரி, கொஞ்சம் பசியும்). கட்சி விஷயத்தில் மட்டும் எனக்கு அந்தக் கூச்சம் கிடையாது. எதிரணிக்காரர் கையால் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காத வெறியன்.

பெண்ணின் அப்பா அந்த எதிரணிதான். முறுக்கிக்கொண்டேன். "நீ கட்டப்போறது பிள்ளையவா, அவுக கொடியவா?" என்று அம்மா கேட்டதும் சம்மதித்தேன். அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அதற்குள் தேர்தல் வந்து தொலைத்தது.

மயிலாடும்பாறையில் ஒரு வாக்குச்சாவடிக்கு எங்கள் கட்சியில் ஏஜென்ட் கிடைக்கவில்லை. வருசநாட்டிலிருந்து நான் போனேன். போனால், எனக்குப் பக்கத்தில் எதிரணி ஏஜென்டாக என் வருங்கால மாமனார்! காலையிலேயே அவர் ஓர் ஏற்பாடு சொன்னார். எல்லாம் தெரிந்த முகங்கள், வாக்காளர் அட்டையில் உள்ள படத்தை வைத்து யாரும் யாரையும் மறிக்க வேண்டாம். மதியச் சாப்பாடு எல்லா ஏஜென்டுக்கும் அவர் வீட்டிலிருந்து. மற்றவர்கள் தலையாட்டினார்கள். நான் கொள்கையில் சமரசமே கிடையாது என்று அறிவித்துவிட்டுப் பையிலிருந்த பன்னைக் கடித்தேன் (முந்தாநாள் பன்).

ஒரு மணிக்கு மாமனார் சாப்பாடு எடுத்துவரப் போனார். அந்த நேரம் பார்த்து, சேலைக்கு மேல் ஆம்பளை முழுக்கைச் சட்டையும் தலையில் துண்டுமாகத் தக்காளிக் காட்டிலிருந்து நேராக ஒரு பெண் வந்தாள். அலுவலர் "செல்வி" என்று வாசித்தார். அட்டையை எட்டிப் பார்த்தேன். அதிலிருந்த முகம் அவளுடையது இல்லை. சொல்லப்போனால் மனித முகமே இல்லை.

கள்ள ஓட்டு என்று எழுந்துவிட்டேன். ஆட்சேபிக்க இரண்டு ரூபாய் கட்ட வேண்டும், வீண் புகார் என்றால் திரும்ப வராது என்றார் தலைமை அலுவலர். நாட்டைக் காப்பாற்ற இரண்டு ரூபாய் ரொம்ப மலிவு. கட்டி ரசீது வாங்கினேன். (என் கையிலிருந்த பட்டியலில் அவள் அப்பா பெயர் அச்சாகியிருந்தது. படித்தால்தானே!)

இவரை அடையாளம் சொல்ல யாராவது உண்டா என்று அலுவலர் கேட்டபோது, தூக்குவாளியோடு மாமனார் வாசலில் நின்றார்.

"எம் மகதாங்க."

நான் பார்க்கப் போன செல்வியேதான்! ஊருக்குப் பத்து செல்வி என்று இருந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை போச்சு, கல்யாணம் போச்சு. அலுவலர் என்னைக் காட்டி, இவரைத் தெரியுமா என்று அவளிடம் கேட்டார். அவள் துண்டை அவிழ்த்து நிதானமாக முகத்தைத் துடைத்தாள்.

"போன மாசம் என்னயப் பொண்ணு பாக்க வந்தாக. கேசரிய மட்டுந்தான் பாத்தாக போல."

காவலுக்கு நின்ற போலீஸ்காரர்கூடச் சிரித்தார். அதற்கு அவர் என்னைச் சுட்டிருக்கலாம்.

அவள் ஓட்டுப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். மாமனார் திட்டவில்லை. என் முன்னால் இலையைப் போட்டார். "சாப்பிடுங்க மாப்ள. கொள்கையச் சாயந்தரமா எடுத்துக்கலாம்." மாப்ள பட்டம் இன்னும் ரத்தாகவில்லை! அந்த நிம்மதியில் மூன்று முறை சோறு வாங்கினேன்.

சாயந்தரம் மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்குப் போனேன். செல்வி தன் நிபந்தனையைச் சொன்னாள். "அவுகவுக கட்சியிலேயே இருங்க. ஆனா வீட்டுல யாரு எத ஆட்சேபிச்சாலும் மொதல்ல ரெண்டு ரூவா கட்டணும். விசாரிக்கிறது நானு." அப்பட்டமான அநியாயம். நானும் மாமனாரும் ஒரே நேரத்தில் சரி என்றோம். எங்கள் இரண்டு கட்சியும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

அந்த ரசீது எங்கள் கல்யாண ஆல்பத்தின் முதல் பக்கத்தில் இருக்கிறது. டிவி விவாதம் தொடங்கினால் மாமனாரும் நானும் சில்லறையோடுதான் உட்காருவோம். குழம்பில் உப்பில்லை என்றாலும் என் மகள் காசு போடச் சொல்லி காலி ஊறுகாய் ஜாடியை நீட்டுகிறாள். இதுவரை எங்கள் ஆட்சேபணை ஒன்றுகூட ஏற்கப்படவில்லை.

போன வாரம் கேசரியில் சர்க்கரை தூக்கல். வாயைத் திறக்காமல் சாப்பிட்டு முடித்தேன், செல்வியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே.